திருப்பிப் போடாத கெண்டை

மதினி, இன்று காலை உன் கொப்பரையைத் திறந்தேன். இஞ்சி மணத்தோடு மீன் ஆவி முகத்தில் அடித்தது. உனக்கு வருஷப் படையல். அம்மா முனகிக்கொண்டே இருந்தாள்: "செத்தவளுக்குக் குழம்பு வச்சுப் படைக்காம, இவ அவிச்சு வைக்குதா!"

நீ முதன்முதலாக இப்படி அவித்தது, நம் ஊருக்கு மினி பஸ் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். சிங்கப்பூரில் சீனர் வீடு ஒன்றில் இரண்டு வருஷம் சமைத்துவிட்டு அப்போதுதான் நீ திரும்பியிருந்தாய். கண்மாய் வற்றி, புல்லுக்கெண்டை பிடித்தார்கள். நம் ஆட்களுக்குத் தூத்துக்குடிக் கடல்மீன் தின்ற நாக்கு. சேற்று வாடை என்று ஒருவரும் சீண்டவில்லை. நீ ஒன்றைத் தூக்கி வந்தாய்.

"சீனாக்காரவிய இதுக்குத்தான் உசுர விடுதாவ."

இட்லித் தட்டை எடுத்துவிட்டு, தலையும் வாலுமாக முழு மீனைக் கொப்பரையில் வைத்து அவித்தாய். அம்மா பார்த்துவிட்டாள். "இட்லி அவிக்குத கொப்பரைய நாறடிச்சிட்டியே!" என்று மீனை இறக்கிவிட்டுக் கொப்பரையை முற்றத்தில் எறிந்தாள். நீ அதை எடுத்துத் துடைத்தாய்.

"இனி இது மீனுக்கு, அத்தை. இட்லிக்கு வேற வாங்கிக்கிடுங்க."

வெந்ததா என்று பார்க்க அண்ணன் மீனைத் திருப்பப் போனான். அவன் கையில் ஒரு தட்டு தட்டினாய். "திருப்பப்பிடாது. மீனைக் கவுத்தா தோணி கவுந்திரும்னு சீனாக்காரவிய சொல்லுவாவ."

"நம்ம ஊர்ல ஏது மதினி தோணி? மினி பஸ்தான் கவுந்திரும்!" என்றேன். வீடே சிரித்தது. நீயும்தான். ஆனால் ஒருவரும் ஒரு வாய் வைக்கவில்லை. எல்லார் முன்னாலும் தனியாக உட்கார்ந்து, நிதானமாக முள் எடுத்துத் தின்றாய்.

கூட்டம் கலைந்ததும் அடுப்படியில் மிச்சத்தை வழித்துத் தின்றவள் நான். "நல்லா இருக்குன்னு வெளிய வந்து சொல்லேன் ஏட்டி" என்றாய். வாய் கிழியப் பேசுகிற எனக்கு அதற்கு மட்டும் வாய் வரவில்லை.

இன்று சொன்னேன், மதினி. படைத்து முடித்ததும், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் வாய் நான் வைத்தேன். "நல்லா இருக்கு!" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும், முகத்தைத்தானே!

மேல்பக்கம் தீர்ந்ததும் அண்ணன் மீனைத் திருப்பக் கை நீட்டினான். அவன் கையில் ஒரு தட்டு தட்டி, மீனைத் திருப்பாமலே நடுமுள்ளை உருவி எடுத்தேன்.

"ஏட்டி, நம்ம ஊர்ல ஏது தோணி?" என்றான், கண் கலங்க.

"மினி பஸ் ஓடுதுல்லா" என்றேன்.