நீதிபதியின் அப்பாவும் வண்டிப்பாதை வழக்கும்

12 பிப்ரவரி, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. தமிழ்ச்செல்வி இனி உயர் நீதிமன்ற நீதிபதி. இருபது வருஷமாக வக்கீலாக ஒத்தக்கடை ஹைகோர்ட்டுக் கிளைக்கு ஸ்கூட்டரில் கேஸ் கட்டுகளைச் சுமந்தவள். அவளைப் பெற்ற நான் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இரண்டு தடவை உட்கார்ந்து, இரண்டு தடவையும் வெறுமனே எழுந்து வந்தவன். கண்டக்டராக இருந்தபோது ‘சில்லறை இல்லேன்னா இறங்கு’ என்று தீர்ப்புச் சொன்னதோடு சரி.

இன்னொன்றும் இருக்கிறது. எழுமலையில் என் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையில், அது தன் நிலம் என்று என் சித்தப்பா மகன் சோலை வேலி போட்டான். பதினேழு வருஷ வழக்கு. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. கீழ்க் கோர்ட்டு இரண்டிலும் எனக்கு ஜெயம். அவன் செய்த அப்பீல் இப்போது மகளின் ஹைகோர்ட்டில்தான் கிடக்கிறது.

15 பிப்ரவரி

சென்னையில் பதவியேற்பு. கறுப்பு அங்கியில் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் பெண்டாட்டி ஒச்சாயி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கிளம்பும்போது மகள் தனியாகக் கூப்பிட்டாள். “பாதை கேஸு வேற ஜட்ஜுகிட்டதான் போகும். இருந்தாலும் அதப்பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதுப்பா.”

தலையாட்டினேன்.

3 மார்ச், ஞாயிறு

மச்சினன் அழகுபாண்டி போனில் சிரித்தான். சோலை அப்பீலை வாபஸ் வாங்கப் போகிறானாம், பயந்துவிட்டானாம். சந்தோஷத்தில் கூட இரண்டு இட்லி வாங்கிக்கொண்டேன். மூன்றாவதும் கேட்டுத் தட்டை நீட்டியபோதுதான் உறைத்தது — அவன் பயந்தது எனக்கா, என் மகள் பதவிக்கா?

4 மார்ச்

எழுமலைக்குப் போனேன். எதிராளி வீட்டில் போய், தயவுசெய்து என்மேல் கேஸ் நடத்து என்று கெஞ்சிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சோலையின் பெண்டாட்டி ராமக்காள் தண்ணீர் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“நீ வாபஸ் வாங்குனா, மக ஏறி உக்காந்ததும் அப்பனுக்குப் பாதை தொறந்துச்சுன்னு ஊரு பேசும்டா.”

“நான் தோத்தாலும் அதத்தானண்ணே பேசும்.”

செம்பில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

“உம் பக்கம் நியாயம் இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“அப்பறம் என்ன? நடத்து.”

“பிறகு எங்க மேல வருத்தப்படக் கூடாது” என்றான். வருத்தப்பட்டுத்தானே பதினேழு வருஷம் ஓடியது.

9 மார்ச்

நானே விட்டுக்கொடுத்துவிட்டால்? ஒச்சாயியிடம் கேட்டேன். அப்போ இத்தனை வருஷம் பொய்க் கேஸா நடத்தினாய் என்று கேட்டாள். இல்லை. எங்கப்பா அந்தப் பாதையில்தான் வண்டி ஓட்டினார். விடமாட்டேன். குறுக்கு வழியிலும் ஜெயிக்க மாட்டேன்.

10 மார்ச்

சோலை வாபஸ் வாங்கவில்லை. நிம்மதி. கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

6 ஜூன்

வழக்கு எடுக்கப்பட்டது. நான் யாருடைய அப்பா என்று கோர்ட்டில் மூச்சு விடக்கூடாது என்று என் வக்கீல் தனிஸ்லாஸிடம் ஏற்கெனவே சத்தியம் வாங்கியிருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அவர்கள் வக்கீல் நன்றாகப் பேசினார் — சனியன், ரொம்ப நன்றாக.

28 ஜூன், வெள்ளி

தோற்றுவிட்டேன்.

சித்தப்பா அனுமதி கொடுத்துத்தான் எங்கப்பா வண்டி ஓட்டினாராம். அனுமதியில் நடந்ததை உரிமை என்று கேட்க முடியாதாம். தனிஸ்லாஸ் சுப்ரீம் கோர்ட் என்று ஆரம்பித்தார். போதும் தம்பி, வயலுக்குச் சுற்றியே போய்க்கொள்கிறேன் என்றேன்.

கோபம் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. அந்தப் பாதையில் எங்கப்பா என்னை உட்கார வைத்து வண்டி ஓட்டியது எனக்குல்ல தெரியும்.

30 ஜூன், ஞாயிறு

வயலுக்கு வாய்க்கால் கரையைச் சுற்றிப் போய்வந்தேன். அரை மணி நேரம் கூடுதல். முழங்கால் வீங்கிவிட்டது.

திரும்பும்போது எழுமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர், “என்னண்ணே, ஜட்ஜு அப்பனுக்கே கேஸு தோத்துப்போச்சாமே?” என்றார். ஆமாம் என்றேன்.

பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கு விஷயம் தெரியவில்லை. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு, அவர்களுக்கும் ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.