ஏற்றம் எனக்கு, இறக்கம் உனக்கு

வண்டியிலிருந்து இன்னும் அந்த வாடை போகவில்லை. காலையில் மலையிறங்கிச் சேலம் போய்விட்டு வந்து நிறுத்தியது. இப்போது மணி மூன்று. புது வண்டியின் பிளாஸ்டிக் வாசனையோடு பிரேக் கருகிய வாடையும் சேர்ந்து உள்ளே குந்தியிருக்கிறது. நான்கு முறை எழுந்து போய்க் கதவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டேன். முன்சக்கரத்தைத் தொட்டும் பார்த்தாயிற்று. அது எப்போதோ குளிர்ந்துவிட்டது. என்னால்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காபி போட்டேன், குடிக்கவில்லை. உன்னிடம் சொன்னால்தான் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும், அதனால் எழுதுகிறேன்.

நீ போய் ஏழு மாதம். நான் புது வண்டி வாங்கியதே உனக்குத் தெரியாது. நம் பழைய வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று உன் மகள் சொன்னாள், நானும் சரியென்றேன். நீ இல்லாமல் அதில் உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை. இது அதைவிட ஒரு சாண் நீளம், ஆட்டோமேட்டிக். சிரிக்காதே. இடது முழங்கால் போய்விட்டது; இனி கிளட்சை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஷோரூம்காரர் தானே ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினார். "ஏனுங்கம்மா, கிளட்ச்சே கெடையாதுங்க. ஆக்சிலேட்டர், பிரேக், அவ்வளவுதான். மலைக்கு நொம்ப சௌகரியமுங்க" என்றார். கியர் கம்பியை ஒரு பக்கமாகத் தள்ளி, "இப்படி 'எம்'முல போட்டுக்கிட்டா நீங்களே கியரக் கூட்டிக் கொறச்சுக்கலாமுங்க" என்று காட்ட வந்தார். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானே இதை வாங்கினேன், விடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு.

இந்த வண்டியோடு குடித்தனம் நடத்துவது தனிக் கூத்து. முதல் வாரம் ஒண்டிக்கடையில், பஸ் திரும்புகிற இடத்தில், பழக்க தோஷத்தில் இடது காலைத் தூக்கிக் கிளட்ச் என்று நினைத்து அமுக்கினேன். அமுக்கியது பிரேக்கை. வண்டி அப்படியே நிற்க, என் மூக்கு ஸ்டியரிங்கில் போய் இடித்தது. பின்னால் வந்த ஜீப்காரர் என் வம்சத்தையே விசாரித்தார். அன்றிலிருந்து இடது காலை மடக்கிச் சீட்டோடு ஒட்டி வைத்துக்கொள்கிறேன். கியர் மாறும்போதெல்லாம் வண்டி ஒருமுறை தலையாட்டும். ஏற்றத்தில் திரும்பும்போது இரண்டா ஒன்றா என்று நின்று யோசிக்கும். "போடேன் சனியனே, ரெண்டப் போடு" என்று நான் கத்துவேன். அது காதிலேயே வாங்காது. தானாக யோசித்து, தானாகப் போட்டுக்கொள்ளும். நாகலூர் ரோட்டில் எஸ்டேட் ஆபீசுக்குப் போக வர தினம் இதே சண்டைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் நிறுத்திப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், வண்டி பின்னால் உருளாமல் இரண்டு நொடி தானே பிடித்துக்கொள்கிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. உனக்கு ஏற்றம் வராது. பாதி கிளட்சில் வண்டியை நிறுத்தத் தெரியாமல், செம்மநத்தம் ரோட்டில் பின்னால் உருண்டு ஒரு ஆட்டோவின் கண்ணாடியை நொறுக்கியவள் நீ. இந்த வண்டி அப்போதே இருந்திருந்தால் ஏற்றத்தையும் நீயே ஓட்டியிருப்பாய். அப்புறம் நான் எதற்கு என்று தோன்றியது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து பழைய வண்டியை வாங்கியபோது உனக்கு ஏரிக்கரை ஓட்டலில் சூப்பர்வைசர் வேலை, எனக்கு எஸ்டேட் ஆபீஸ். இங்கே வந்து சிநேகிதமானவர்கள்; இருவருக்கும் சொந்தபந்தம் சேலத்தில். சனிக்கிழமை டூரிஸ்ட் கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்க முடியாமல்தான் வாங்கினோம். சேலத்திலிருந்து முதல்முறை நான் ஏற்றிக்கொண்டு வந்தேன்; இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரு இடத்தில் திணறாமல் ஏற்றினேன். அடுத்த வாரம் இறங்கும்போது, மேலேயிருந்து இரண்டாவது வளைவில், கண்ணாடிக்கு முன்னால் ரோட்டையே காணோம். கீழே சேலம் மட்டும் தெரிகிறது. நட்ட நடு வளைவில் நிறுத்திவிட்டேன். பின்னால் பஸ்காரர் ஹாரனை அமுக்கியபடியே இருந்தார். நீ இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாய்.

"எறங்கு அம்முணி. இனிமே எறக்கறது நானு, ஏத்தறது நீ. செரியா?"

"செரி" என்றேன். பதினோரு வருடம் அந்தப் பேச்சை நாம் மாற்றவில்லை.

இறங்கும்போது நான் இடது சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். நீ விட மாட்டாய். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு கேள்வி: "புள்ள, இதுல எதுல ஏறுன?" ஏறிய கியரிலேயே இறங்கினால் வண்டியை இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறைவு என்று சொல்வாய். நான் கண்ணைத் திறந்து, எந்த வளைவு என்று பார்த்து, "ரெண்டு" என்பேன். சிலதற்கு "ஒண்ணு". நீ போடுவாய். "உனக்கு ஒரு எழவும் ஞாபகம் இருக்காதா?" என்று நான் திட்டுவேன்.

"அப்பறம் நீ எதுக்கு இருக்கற?" என்பாய்.

பிறகு உனக்கு வியாதி வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சேலத்தில் மருந்து ஏற்ற வேண்டும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நீயே ஓட்டி இறங்குவாய். நான் பைலையும் கஞ்சி பிளாஸ்கையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். திரும்பும்போது நான் ஏற்றுவேன், நீ சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்குவாய். டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்று உன் மகள் கெஞ்சினாள். "ஸ்டியரிங்கு என் கையில இருக்கற வரைக்கும் நான் சீக்காளி இல்ல" என்று அவள் வாயை அடைத்தாய். எல்லோரும் உன் தைரியத்தைப் பேசினார்கள். நானும் பேசினேன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் நான் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, உன் வீட்டு வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். சாவி என் கையில் இருந்தது. மெதுவாகத்தான் கேட்டாய்.

"இன்னைக்கு நீ எறக்குறியா புள்ள?"

"டிரைவரக் கூப்புடட்டுமா?" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமெல்லாம் இல்லை. என் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, சுற்றிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாய். அன்றைக்கும் ஒவ்வொரு வளைவிலும் கேட்டாய், நானும் சொன்னேன். ஆனால் ஓட்டுகிறாயா என்று அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கடைசி இரண்டு முறை வாடகை வண்டிதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் என் வீட்டுப் படியை மிதிப்பாளா?

அவள் சனிக்கிழமை வந்து இரண்டு நாள் என்னோடு இருந்தாள். இன்றைக்குச் சேலத்தில் புது வேலை, முதல் நாள், ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டும். ஏழு மணிக்கே ஒண்டிக்கடைக்குக் கூட்டிப் போனேன். லீவுக்கு வந்த கூட்டம் மொத்தமும் அங்கேதான் நின்றது. முதல் பஸ் நிற்கவே இல்லை. இரண்டாவது பஸ்ஸின் படியில் கால் வைக்க இடமில்லை. வாடகை வண்டி ஒன்றையும் காணோம். மணி எட்டாகிவிட்டது. அவள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள், என் வண்டியைப் பார்த்தாள், மறுபடி பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். கேட்கவில்லை. நீ ஒருமுறை கேட்டாய், இவள் அதுகூடக் கேட்கவில்லை. நானே வண்டிக் கதவைத் திறந்தேன்.

"ஏறு சாமி" என்றேன்.

"சின்னம்மா, நீங்கதான் எறக்கத்துல ஓட்ட மாட்டீங்களே?"

"ஏறுன்னா ஏறு. பேச்சுக் குடுக்காத."

வளைவுகளுக்குக் கீழிருந்துதானே எண்; இறங்கும்போது முதலில் வருகிற இருபதாவது வளைவு வருவதற்குள் என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வண்டி தானே கியர் போட்டுக்கொள்கிற 'டி'யில் இருந்தது. இறக்கத்தைக் கண்டதும் அதற்குக் குஷி. மூன்று, நான்கு என்று தானே கூட்டிக்கொண்டு ஓடியது. பிரேக்கை மிதித்தேன். விட்டால் ஓடியது, மறுபடி மிதித்தேன். ஆறு வளைவு, ஏழு வளைவு, வலது காலை எடுக்கவே இல்லை. அப்போதுதான் வாடை வந்தது. பிரேக் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. பதிமூன்றாவது வளைவைத் தாண்டி அகலமான ஓர் இடத்தில் எப்படியோ ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அழுதேன். மூக்கு ஒழுகுகிற அழுகை. குரங்கு ஒன்று பானட்டில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. ஏற்றத்தில் எனக்குத் தெரிந்த வேலையையெல்லாம் இந்த வண்டி பிடுங்கிக்கொண்டது. எனக்கென்று விட்டுவைத்தது உன் வேலையை மட்டும்தான். அதைத்தான் நான் செய்ததே இல்லை.

உன் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பிரேக்கு ஆறட்டும் சின்னம்மா, பத்து நிமிசம் நிக்கலாம். நேரம் இருக்குதுங்க." குரங்கைப் பார்த்தபடியே, "அம்மா பிரேக்குல அவ்வளவா கால் வெக்க மாட்டாங்க. கியர்லயே வருவாங்க" என்றாள்.

"நான் சொல்லச் சொல்லத்தான் கண்ணு போடுவா. ஒவ்வொரு வளைவுக்கும் எங்கிட்டக் கேப்பா. உங்கம்மாளுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மாவுக்கா? என்னைய ஆஸ்டல்ல விடறதுக்கு எத்தன தடவ அவங்களே எறக்கிருக்காங்க. ஏத்தறதுக்குத்தான் யாரையாச்சும் கூப்புடுவாங்க. ஒரு வளைவுலயும் ஒண்ணும் கேட்டதில்லீங்க. பாட்டுப் பாடிக்கிட்டே வருவாங்க. இருபதும் அவங்களுக்கு அத்துப்படி."

அடிக் கள்ளி! பதினோரு வருடம், வாரா வாரம், தெரிந்ததையே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். நான் கண்ணை மூடிக்கொண்டு நடுங்கக் கூடாது என்றுதானே? ரோட்டைப் பார்க்க வைக்கத்தானே? நான் கையை விரித்த அந்தச் செவ்வாய்க்கிழமைகூட, நிற்கத் தெம்பில்லாத உடம்போடு, இருபது வளைவிலும் என்னைக் கேட்டாயே. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

வாடை குறைந்ததும் கியர் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினேன். திரையில் 'எம்' வந்தது. புறப்பட்டதும் ஒன்று என்று காட்டியது. ஒரு தட்டுத் தட்டி இரண்டாக்கினேன். இன்ஜின் உறுமியது. காலை எடுத்துப் பார்த்தேன். வண்டி ஓடவில்லை, அடங்கி வந்தது. பன்னிரண்டாவது வளைவின் பலகை தெரிந்ததும் என் வாய் தானாக "ரெண்டு" என்றது. பக்கத்துச் சீட்டைப் பார்த்துத்தான் சொன்னேன், பதினோரு வருடப் பழக்கம் எங்கே போகும். அதற்குள் உன் மகள் பிடித்துக்கொண்டாள். அடுத்த வளைவுக்கு முன்னால் உன் குரலிலேயே, "இதுல எதுலீங்க சின்னம்மா?" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஒண்ணு" என்றேன். போட்டேன். கண்ணை ஒரு இடத்திலும் மூடவில்லை. பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அடிவாரம் வந்தபோது என் ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது.

ஒன்பது இருபத்தைந்துக்கு அவளை இறக்கிவிட்டேன். உள்ளே போனவள் திரும்பி ஓடி வந்து ஜன்னலில் தலையை விட்டு, "சாயங்காலம் போன் பண்றனுங்க. பாத்து ஏறுங்க சின்னம்மா" என்றாள். ஏறுவது எனக்கென்ன. 'டி'யில் போட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் என் எண்ணை முதலில் சொல்லி, திரையில் அது என்ன போடுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பதினேழு வளைவில் ஒத்துப்போனோம். மூன்றில் தகராறு, மூன்றிலும் வண்டிதான் தப்பு.

முதல் சர்வீசுக்குச் சேலத்துக்கு வரச்சொல்லி ஷோரூமிலிருந்து இரண்டு முறை போன் வந்தும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நானே கொண்டு வருகிறேன் என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன். பிரேக்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் அதற்காகவா இப்படி உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்? சாயங்காலம் அவள் போன் வரும். அப்போது அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லிவிடப் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் வைத்துவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. தெரியாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. வாசலில் நின்று நீ கேட்டதற்கு நான் சொன்னது பதிலே இல்லை. இதுதான் பதில்.

எறக்குறேன் புள்ள. நீ சீட்டச் சாச்சுக்கிட்டுத் தூங்கு. ஒண்ணும் கேக்க வேண்டாம்.