எண்பத்தெட்டுக் கட்டையும் ஒரு கரண்டியும்

ஹோரியா,

முட்டைக்கோஸ் சர்மாலே அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. மத்தியானம் கடைக்காரர் ரெண்டு டிஜிட்டல் பியானோ கொண்டு வருவார். தூக்க லேசா இருக்கேன்னு சின்னதை வாங்கிடாதே. என் சொனாட்டாவுக்கு அதுல கட்டை பத்தாது. எண்பத்தெட்டும் வேணும், அழுத்தினா விரலுக்குக் கனம் தெரியணும்.

நான் வாசிக்க உட்கார்ந்தாலே நிறுத்தச் சொல்லி மாடிக்கு மாடி ஓடுற ஹீட்டர் குழாயைத் தட்டுறது கீழ்வீட்டு சம்ஃபிரா அக்கான்னு இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன். நேத்து படியில மன்னிப்புக் கேட்டேன். "நானா? நீ வாசிச்சா டிவியையே அணைச்சிடுவேனே. சத்தம் உங்க சமையல்கட்டுலேருந்துல்ல வருது"ன்னாங்க.

இனிமே ஹெட்போன் போட்டுத்தான் வாசிப்பேன். நீ கரண்டியைக் கீழே வைக்கலாம்.

ருக்சாந்த்ரா

பி.கு. ரெண்டு ஹெட்போன் சொருக இடம் இருக்கான்னு பார்த்து வாங்கு. ரெண்டாவதை மாட்டிக்கிறதும் மாட்டாததும் உன் இஷ்டம்.