வடகரைக்குப் போகும் வண்டியில் இரண்டு பிள்ளைகள்

காலை 7:10
வண்டிப் பதிவு. ஓட்டுநர்: ஜெசிந்தா, மண்ணியலாளர், செம்மேடு குடியிருப்பு, செவ்வாய்க் கிரகம். பயணிகள்: மகள் ரோஸி, ஆறு வயது, மகன் எபி, மூன்று வயது. சேருமிடம்: வடகரை குடியிருப்பு. என் கணவர் தனபால் அங்கே குழாய்ப் பொறியாளர். இனி நாங்களும் அங்கேதான். வானிலை தெளிவு. காற்று, மின்சாரம் நிறைவு. பயணிகளின் மனநிலை பற்றி உறுதி சொல்ல முடியாது.

காலை 8:25
இன்னும் எவ்வளவு தூரம் என்ற கேள்வி தொடங்கிவிட்டது. செம்மேட்டின் விளக்குக் கம்பமே இன்னும் கண்ணாடியில் தெரிகிறது. எபி சாப்பிட்டதையெல்லாம் என் வரைபடத்தின்மீது வாந்தி எடுத்துவிட்டான். ரோஸிக்குத் தம்பி பக்கத்து ஜன்னல்தான் வேண்டுமாம். இரண்டு ஜன்னலிலும் ஒரே சிவப்பு மண்தான். சொன்னால் யார் கேட்கிறார்கள்? இதை யார் படித்தாலும் சரி, பிள்ளைகளோடு வண்டியேறும் முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

காலை 10:40
புதைமணல். கீழே விழுந்த முறுக்கை எபிக்கு எடுத்துக் கொடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். முன்சக்கரங்கள் இறங்கிவிட்டன. வண்டி அசையவில்லை. விழுந்த அதிர்ச்சியில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் நின்றுவிட்டது. இனி உருளைகளில் இருப்பதுதான் காற்று. வெளியே இறங்க அணியும் காற்றுடைகளும் வண்டியில் இல்லை. இந்தப் பாதையில் யாரும் இறங்குவதில்லை. உதவி கேட்டேன். வடகரையிலிருந்து தனபாலின் பதில்:
"ஜெசி, நானே மீட்பு வண்டிய எடுத்துட்டு வாறேன். சாயங்காலம் ஆயிரும். பிள்ளைகள அசையாம வச்சுக்க. அழுதா காத்து வேகமாத் தீரும்."
அசையாமல் வைத்துக்கொள்ளவாம். இந்த மனிதர் தன் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லையா?

மதியம் 12:30
பாட்டு, கதை, விடுகதை, கெஞ்சல், மிரட்டல் எல்லாம் தீர்ந்தாயிற்று. எபி வீறிட்டு அழுகிறான். ரோஸி இருக்கையில் குதிக்கிறாள். காற்றுமானியின் முள் கண்ணெதிரே இறங்குகிறது. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடித்தால் இன்னும் அழுவான் என்பதற்காகத்தான் கையை இறக்கினேன்.

மதியம் 12:50
வெளியே பூச்சாண்டி நிற்கிறான், சத்தம் கேட்டால் வந்துவிடுவான் என்றேன். இங்கேயே பிறந்த பிள்ளைகள். பூச்சாண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. என்ன செய்வான் என்று ரோஸி கேட்டாள். கதவைத் தட்டுவான், தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடுவான், திறந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். முள் இறங்குவது குறைந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

பிற்பகல் 2:15
கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியின் இரண்டு அறைகளில், பின்னறைக் காற்று மூவருக்குப் போதாது. இருவருக்குப் போதும். முன்னறைக்குத் தனி உருளை, அதில் கொஞ்சம் மிச்சம். பின்னறையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு நான் முன்னே வந்துவிட்டேன். எபி என்னிடம் ஓடி வந்துகொண்டே இருப்பான் என்பதால், பின்னறைப் பக்கம் மட்டுமே உள்ள இடைக்கதவின் கொண்டியைப் போடச் சொன்னேன். ரோஸி போட்டுவிட்டாள்.
மீட்பு வண்டி வந்து ஒட்டியதும் பின்கதவின் சிவப்புப் பிடியை அவள்தான் இழுக்க வேண்டும். வண்டிக்கு அது ஒரே வெளிக்கதவு, உள்ளிருந்து மட்டுமே திறக்கும். வெட்டித் திறக்க நேரமாகும், அதற்குள் காற்று தீர்ந்துவிடும். பிடியைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். கெட்டிக்காரி, செய்துவிடுவாள்.

மாலை 4:40
தனபாலின் குரல் இரண்டு அறைகளிலும் ஒலித்தது:
"ஏட்டி ரோஸி, அப்பா பக்கத்துல வந்துட்டேன். தம்பி என்ன செய்யுதான்?"
 பின்னறையிலிருந்து ரோஸி, மிக மெல்ல:
"எபி, அது அப்பா கொரல்ல பேசுது. வாயத் தொறக்காத."
 கடவுளே, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்!

மாலை 5:05
தொண்டை கிழியக் கத்திவிட்டேன். அம்மா சொன்னது பொய், பூச்சாண்டி என்று எதுவுமே இல்லை, அது அப்பாதான் கண்ணு, கொண்டியை எடுத்து என் முகத்தைப் பார் என்று இடைக்கதவில் குத்திக் குத்திச் சொன்னேன். எபி அழத் தொடங்கினான். உடனே அழுகை அமுங்கியது. ரோஸி பேசினாள்:
"நீ எங்கம்மா இல்ல. எங்கம்மா கொரல எடுத்துக்கிட்ட. எங்கம்மாவ என்ன செஞ்ச?"
முன்னறை முள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கண் இருட்டுகிறது. மீட்பு வண்டியின் விளக்கு தெரிகிறது.

மாலை 5:20
தனபால், கதவைத் தட்டாதீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பயப்படுகிறாள். எபிக்குத் தூங்கும்போது பாடுவீர்களே அதை அதையாவது தட்டாதீர்கள் தட்டினால் அவள்

மாலை 5:50
தானியங்கிப் பதிவு. பின்னறை ஒலிவாங்கி. பேசுபவர்: குழந்தை.
"அம்மா, நீ எங்க போயிட்ட? முன்னறைல பூச்சாண்டி உன் கொரல்லயே அழுதுச்சு. இப்ப பேசல. வெளிய ஒண்ணு அப்பா மாதிரியே கூப்பிட்டுக் கதவத் தட்டுது. அதுவும் அழுகுது. நான் தொறக்கலம்மா. எபி வாயப் பொத்தி வச்சிருக்கேன். அவன் இப்ப அழவே இல்ல. நாங்க சமத்தா இருக்கோம், சத்தமே போடல."