கிழக்கூருக்குப் போகாத கம்பி

பதிவு 1. 2060 மே 19, காலை 7.10
பனையடிப்பட்டி சூரிய மின்நிலையம். பதிகிறவள் காவலாளி சீனியம்மாள். தகடுகள் 640, துடைத்தாயிற்று. பேட்டரி 94 விழுக்காடு. வெளியே 41 டிகிரி. ஊர்ச்சனம் குளிர் அறைக்குள் போய்விட்டது. குறை ஒன்றுமில்லை.

பதிவு 2. காலை 9.40
வெளியே 49. கிழக்கூரிலிருந்து வாக்கிடாக்கி அழைப்பு. பேசியது என் நாத்தனார் ஆவுடைத்தாய். பத்தொன்பது வருடத்தில் முதல் பேச்சு.
"மதினி, டீசல் தீந்துட்டு. ஜெனரேட்டர் நின்னு போச்சு. குளிர் அறைக்குள்ள பதினோரு பேரு கெடக்கோம். கைப்பிள்ளையும் இருக்கு. நடந்து வர ஒருத்தருக்கும் தெம்பில்ல."
மாவட்ட அலுவலகத்துக்குச் சொன்னேன். மீட்பு வண்டி மாலையில்தான் வருமாம்.

பதிவு 3. 10.05
இதைக் கண்டெடுப்பவர்கள் கேட்பீர்கள், இங்கிருந்து பக்கத்து ஊருக்கு ஏன் மின்கம்பி போகவில்லை என்று. நான்தான் காரணம். 2041 ஆவணி மூன்றாம் தேதி, மகள் கல்யாணப் பத்திரிகையை ஆவுடைத்தாய் என் வாசலில் நின்றபடியே நீட்டினாள். தட்டில்லை, வெற்றிலை பாக்கில்லை, உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, கிழக்கூருக்கு மின்கம்பம் நட என் புஞ்சையில் இடம் கேட்டார்கள். பருத்தி வேர் கருகும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்தேன். பொய். அவள் வீட்டுக்கு வெளிச்சம் என் நிலம் வழியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர்கள் டீசல் எரிக்கிறார்கள். புகை குறைந்திருக்க வேண்டிய வருடங்களில் குறையவில்லை, அதனால்தான் இந்த வெயில் என்று ரேடியோவில் சொல்லும்போதெல்லாம் நான் வேறு யாரையோ திட்டுவேன்.

பதிவு 4. 10.30
அவளிடம் கேட்டே விட்டேன், ஏன் உள்ளே வரவில்லை என்று.
"அன்னிக்கு நான் வீட்டுக்குத் தூரம், மதினி. எங்க வீட்டுக்காரக காய்ச்சல்ல கெடந்தாக, பத்திரிகை வைக்க நல்ல நாளும் அது ஒண்ணுதான். அண்ணன் முன்னால அதை எப்படிச் சொல்லுவேன்? உங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்."
மாதவிலக்கில் இருந்தவள், எங்கள் சாமிக்கு மரியாதை காத்துப் படிக்கு வெளியே நின்றிருக்கிறாள். நானும் பொம்பளைதான். எனக்குப் புரியவில்லை.

பதிவு 5. 10.50
அவர்கள் குளிர் அறையை மாலை வரை ஓட்ட, ஒரு பேட்டரியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டேன். எண்பது கிலோ. துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

பதிவு 6. 11.25, புஞ்சை நடுவில்
52 டிகிரி. கரிசல் வெடிப்பில் சக்கரம் இறங்கிவிட்டது. கம்பம் நடக் கேட்ட அதே இடம். இங்கே பருத்தி முளைத்தே பதினோரு வருடமாகிறது. வாக்கிடாக்கியில் எங்கள் ஊரை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊரிலிருந்து பதில் வந்தது.
"வாரோம். அங்கனயே நில்லுங்க."
முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பதிவு 7. 11.40
வாக்கிடாக்கியில் ஆவுடைத்தாய் குரல், நினைவு தப்பியவள்போல.
"வாங்க மதினி... ஏன் வாசல்லயே நிக்கீக... உள்ள வாங்க..."
வண்டி அசையவில்லை. ஊர்ச்சனம் இன்னும் கண்ணில் படவில்லை. பேனா சுடுகிறது. வாரேன் ஆவுடை என்றேன். பதில் இல்லை. மறுபடியும் சொன்னேன். மறுபடியும்