நடு நாற்காலி

ஊஸ்டர்
3 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சி சுமித்ராவுக்கு,

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டுதான் திரிகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே ஏரியைப் பனிப்புகார் மூடியிருக்கிறது. விடியற்காலைக் கனவில் உன் நீதிமன்றம் அந்த ஏரிமேல் மெல்ல மிதந்தது. மூன்று நாற்காலிகள், நடுவில் நீ. இந்த நாட்டு வழக்கப்படி கட்சியில் சேர்ந்து, பாராளுமன்றம் வாக்களித்து நீதிபதியாகத் தெரிவாகி, இத்தனை வருடம் ஓர நாற்காலியில் இருந்த நீ, என் குட்டிச் சுமி, முதன்முதலாகத் தலைமை தாங்கப் போகிறாய்!

ஒரு விஷயம். நீ விசாரிக்கப்போகும், வங்கிக் காசு இயந்திரத்தை வெடிவைத்துத் தகர்த்த அந்த வழக்கில் எங்கள் நிலக்ஷனும் குற்றஞ்சாட்டப்பட்டு நிற்கிறானாம். அவன் தாய் சுகந்தி வந்து அழுதாள். "அவன் கார் மட்டும்தான் ஓடினவன், ரீச்சர். தங்கச்சிக்கு ஒரு சொல்லு எழுதுங்கோவன்." தமிழ்ப் பள்ளியில் நான் படிப்பித்த பிள்ளை. உதாரணத்துக்குச் சொல்கிறேன்: பென்சில் இரவல் வாங்கினால் சீவித்தான் திருப்பித் தருவான். இதையும் மனதில் வைத்துக்கொள்.

அக்கா
கலாவதி

பெலின்சோனா
9 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் இப்போது வழக்குக் கோப்பில் இருக்கிறது. வழக்கைப் பற்றி நீதிபதிக்கு யார் எழுதினாலும் இரு தரப்பும் அதை வாசிக்க வேண்டும். "குட்டிச் சுமி"யை ஜெர்மனில் எப்படி எழுதுவது என்று மொழிபெயர்ப்பாளர் என்னையே கேட்டார்.

நான் வழக்கிலிருந்து விலகிவிட்டேன். நடுவில் இன்னொருவர் இருப்பார்.

கோபமில்லை என்று எழுதிப் பார்த்தேன். பொய். யன்னலுக்கு வெளியே கோட்டைகள் புகாரில் மிதக்கின்றன. எனக்கும் கால் வைக்க இடமில்லாதது போல இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை எழுதாதேயுங்கோ.

சுமித்ரா

ஊஸ்டர்
24 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். மன்னிப்புக் கேட்க மட்டும் எழுதுகிறேன். நல்ல பிள்ளைக்கு நற்சான்று எழுதுவது போல நினைத்துவிட்டேன்.

சுகந்தி திரும்பவும் வந்தாள். "புது நீதிபதியின்ர விலாசம் தெரியுமோ, ரீச்சர்?"

"ஐயோ, என்னாலை ஒருத்தி நாற்காலியை விட்டு எழும்பிப் போனது காணாதோ?" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். தேத்தண்ணி கொடுத்து, மகனைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் கேட்டேன். அதில் ஒன்றும் உனக்கு எழுதமாட்டேன்.

கலாவதி

பெலின்சோனா
12 மே 2025

அன்புள்ள அக்கா,

நிலக்ஷனுக்குச் சிறை. மேன்முறையீட்டுக்கு யாரும் போகவில்லை, வழக்கு முடிந்துவிட்டது. நடுவில் நான் இருந்திருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் எழுதியிருப்பேன். எழுதிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்திருப்பேன்.

ஆனால் இப்போதெல்லாம், ரயில் மலைக்குகைக்குள் போகும் நீண்ட இருட்டில், முகம் தெரியாத அந்தப் பிள்ளை எனக்கு எதிரே வந்து இருக்கிறான். சீவின பென்சிலை நீட்டுகிறான்.

சனிக்கிழமை வாறன். சுகந்தி அக்காவையும் வரச்சொல்லுங்கோ. அவனைப் பற்றிச் சொல்லட்டும். இனி நான் கேட்கலாம்.

சுமித்ரா