சாரிக்கா

ஜூன் 3, செவ்வாய்

லென்ஸ் மூடியைக் காணவில்லை. பை, ஜீன்ஸ் பாக்கெட், கட்டிலுக்கு அடியில் என்று அறையையே தலைகீழாகப் புரட்டியாகிவிட்டது. சோர்ந்துபோய்ச் சாப்பிடக் கீழே இறங்கினால், மேஜையில் எனக்காகக் கவிழ்த்து வைத்திருந்த தட்டின் மேல் மூடி உட்கார்ந்திருக்கிறது. துணி துவைக்கிற மெஷினுக்குள் கிடந்ததாம்.

"சாரி அண்ணி" என்றேன்.

"ம்" என்றார்.

அவர் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தார். எப்போதும் இப்படித்தான். அவர் முடித்த பிறகு நான், இல்லையென்றால் நான் முடித்த பிறகு அவர்.

இரண்டு பெட்டியோடு 'கொஞ்ச நாளைக்கு' என்று அண்ணன் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறான். நான் வந்த மறு வாரமே கிளம்பிவிட்டான். ஆக, வீட்டில் இருப்பது இல்லாத ஒருவனின் மனைவியும் தங்கையும். முப்பத்தொரு வயதில் விவாகரத்துப் பத்திரத்தையும் கேமராப் பையையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பவள் நான்தான். சிரிப்பு வருகிறது, சத்தமாகச் சிரிக்கப் பயமாகவும் இருக்கிறது. கீழ் அறையில் அண்ணி தூங்குவார்.

ஜூன் 5, வியாழன்

மேடம் இன்று புகைப்பட வகுப்பில் 'சிரிங்க' என்ற சொல்லைத் தடை செய்துவிட்டார். அதைச் சொன்னால் பல்தான் கிடைக்குமாம், ஆள் கிடைக்க மாட்டாராம்.

ஜூன் 7, சனி

வகுப்போடு ரயில் நிலையம். இருபது வருடம் பத்திரிகைக்குப் படம் எடுத்தவர் மேடம். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு வயது குறைந்துவிடுகிறது.

இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் படம் எடுக்க வேண்டும், இன்னொருவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி வெள்ளை அட்டை பிடிக்க வேண்டும். நாங்கள் பதினோரு பேர். மிச்சம் யார் என்று எழுதவும் வேண்டுமா? என் அட்டையை யாரோ ஒருவருடைய சூட்கேஸ்மேல் சாய்த்து வைத்தேன். இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் அட்டையிடம் சாரி சொன்னேன்.

ஆனாலும் நல்ல நாள். ஆறு பேரை எடுத்தேன். டிக்கெட் பரிசோதகர், செருப்புத் தைப்பவர், பெட்டி தூக்குபவர், ரயிலைத் தவறவிட்ட கல்லூரிப் பெண், பேரனை வழியனுப்ப வந்த பெரியவர், தரை துடைக்கிற அக்கா. கேமரா கையில் இருந்தால் ஒரு முகத்தை இரண்டு நிமிடம் நேராகப் பார்க்கலாம். என்ன பார்வை என்று யாரும் கேட்பதில்லை. கேமரா இல்லாமல் நான் யாரையாவது அவ்வளவு நேரம் பார்த்து, என்னை யாராவது பார்த்து, எத்தனை நாளாயிற்று?

ஜூன் 12, வியாழன்

அடுத்த பருவத்தில் முகம் எடுக்கும் பிரிவுக்கு ஆறே பேர்தான். மற்றவர்கள் பொருள் பிரிவுக்கு. சோப்பு, செருப்பு, ஷாம்பு பாட்டில். ஜூலை 8க்குள் ஒரே ஒரு முகப்படம் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் முடிவு.

எனக்கு முகம்தான் வேண்டும். சோப்போடு பேசிக்கொண்டிருக்க நான் இந்தப் படிப்புக்கு வரவில்லை. அதுதான் வீட்டிலேயே நடக்கிறதே.

ஜூன் 14, சனி

எப்படி எழுதுவது இதை.

ரயில் நிலையப் படங்களை இன்று பார்த்தார்கள். மேடம் என்னுடைய ஆறு படத்தையும் மேஜைமேல் வரிசையாக அடுக்கினார். "இதுல என்ன ஒண்ணா இருக்கு, சொல்லுங்க."

ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடும் நெட்டைப் பையன், "எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கறாங்க மேடம்" என்றான்.

"சிரிப்பா இது? நல்லாப் பாரு."

நானும் பார்த்தேன். புருவம் கொஞ்சம் மேலே. உதடு மூடி, ஒரு பக்கம் இழுத்து. தலை லேசாகச் சாய்ந்து. பரிசோதகர், பெரியவர், தரை துடைக்கிற அக்கா, ஆறு பேருக்கும் அதே முகம்.

"பரவால்ல, பரவால்லன்னு சொல்ற மூஞ்சி. ஆறு பேரும் உன்ன மன்னிச்சிட்டிருக்காங்க" என்றார் மேடம். "எடுக்கறதுக்கு முன்னாடி என்னம்மா சொன்னே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒட்டகம் முந்திக்கொண்டான். "சாரி சொல்லுவாங்க மேடம்! எப்பவுமே. அன்னிக்கு அட்டைகிட்டகூடச் சொன்னாங்க."

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"நீ கேட்டத அவங்க குடுத்திருக்காங்க. மன்னிப்புக் கேட்டே, மன்னிப்பு வந்திருக்கு. அவங்க மூஞ்சி எங்க?"

எனக்கு வந்த ஒரே பதில், "சாரி மேடம்."

மாலைக்குள் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வயதில் மூத்தவள் என்பதால் மரியாதையோடு, சாரிக்கா.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் பேசினான். கடல் சத்தமா எஞ்சின் சத்தமா தெரியவில்லை. "அங்க எல்லாம் ஓகேவா?" "ஓகேதான்." "உங்க அண்ணி எப்படி இருக்கா?" நன்றாக இருக்கிறார் என்றேன். எப்படி இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நாள் முழுக்க என்னையே உளவு பார்த்தேன். குளியலறைக் கதவைச் சத்தமாகச் சாத்தியதற்கு ஒரு சாரி. பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் ஒன்று. நாற்காலியிடம் ஒன்று. கணவன் வீட்டில் மூன்று வருடம் குடித்தனம் நடத்திக் கற்றுக்கொண்டது இந்த ஒரு சொல்தான். அவன் குரல் ஏறுவதற்குள் சொல்லிவிட்டால் அன்றைய பொழுது தப்பிக்கும். சில நாள் எதற்கு என்றே தெரியாமல் சொல்லியிருக்கிறேன். அவன் போய்விட்டான். சொல் மட்டும் கூடவே வந்துவிட்டது. நான் என்ன செய்ய?

ஜூன் 21, சனி

முடிதிருத்தும் கடையில் வகுப்பு. கண்ணாடிகள் நிறைய இருக்கும் இடத்தில் நம்மை மறைத்துக்கொண்டு எடுக்கப் பழக வேண்டுமாம்.

நான் ஒரு முடிவோடு போயிருந்தேன், வாயே திறப்பதில்லை என்று. கடைக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கேமராவைத் தூக்கிக் குறி பார்த்தேன். அவர் தோள் இறுகியது. கைகள் தொடையில் ஒட்டிக்கொண்டன. "என்னம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டறதுக்கா?" என்றார்.

ஒட்டகம் தரையில் விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. படத்தில் அவர் ஏதோ குற்றம் செய்தவர் போல இருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டால் அவர்கள் மன்னிக்கிறார்கள். நான் கேட்காவிட்டால் அவர்கள் கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரும் கிடையாதா?

ஜூன் 22, ஞாயிறு

இன்று யாரிடமும் பேசவில்லை. பேச ஆள் இல்லை என்று எழுதுவதுதான் சரி.

ஜூன் 26, வியாழன்

துணிந்து அண்ணியிடம் கேட்டேன். "அண்ணி, சாரி, உங்கள ஒரு படம் எடுக்கலாமா? வகுப்புக்கு."

மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். எக்ஸ்ரே பிரிவில் வேலை. கழுத்துப் பட்டையில் மாட்டிய, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"என் மூஞ்சில என்ன இருக்கு எடுக்கறதுக்கு?" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமா, சலிப்பா, விளையாட்டா? எட்டு மாதமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன், ஒரு வரி படிக்கத் தெரியவில்லை. பார்த்தேனா என்பதே சந்தேகம்.

ஜூன் 29, ஞாயிறு

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். மாடிப்படியில் இறங்கும்போது அண்ணி தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "இங்க யாரும்மா இருக்கா? யாருமே இல்ல. வேலைக்குப் போறேன், வரேன், தூங்கறேன்."

யாருமே இல்லயாம். அப்ப நான் யாரு? மேல ஒருத்தி இருக்கறது கணக்குலயே இல்லயா?

சத்தம் போடாமல் திரும்பி ஏறினேன். மூன்றாவது படி கிறீச்சிடும் என்று தெரிந்து அதைத் தாண்டி ஏறினேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிகள் இரண்டின் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

எழுத்து கோணுகிறது. எழுதிவிடுகிறேன்.

ஒரு விடுதியில் இரண்டு வாரத்தில் இடம் காலியாகலாம், காலியானதும் சொல்கிறோம் என்றார்கள். அண்ணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "அண்ணி, நான் விடுதி பாத்துட்டேன். இத்தன நாள் தொந்தரவு குடுத்ததுக்கு சாரி."

ஸ்பூனைத் தட்டில் போட்டார். பயந்துவிட்டேன். பழைய வீட்டில் அந்தச் சத்தத்துக்குப் பிறகு வருவது வேறு. அதனால் உடனே இன்னொரு முறை, "சாரி அண்ணி."

"நிறுத்து! தண்ணி விட்டா சாரி, லைட்டப் போட்டா சாரி, இருமினா சாரி. நான் ஒருநாளாவது உன்ன ஏதாவது சொல்லியிருக்கேனா? மன்னிப்புக் கேட்டுக் கேட்டே என்னக் கொடுமைக்காரியா ஆக்கிட்ட நீ!"

பேச வாயில் இருந்தது ஒரே சொல்தான், அதைச் சொல்ல முடியாது.

"உங்கண்ணன் கப்பல்ல. சரி, வீட்டுக்கு ஒரு ஆளு வருது, சேந்து சாப்பிடலாம், ஏதாவது பேசலாம்னு நெனச்சேன். நீ என்னடான்னா லாட்ஜ்ல ரூம் போட்ட மாதிரி இருக்கே. நான் சாப்பிட்டு எந்திரிக்கற வரைக்கும் மேலயே காத்திருப்பே. எனக்குத் தெரியாதா? மூணாவது படிய நீ தாண்டித் தாண்டி ஏறுறது எனக்குத் தெரியாதா?"

பிறகு குரல் இறங்கிவிட்டது. "நானும்தான் ஒரு நாளைக்கு அறுபது பேரப் படம் எடுக்கறேன். மூச்சப் புடிங்க, அசையாதீங்க, விடுங்கன்னு. ஒருத்தர்கிட்டயும் சாரி சொன்னதில்ல. ஒருத்தர் மூஞ்சியும் பாத்ததில்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு எலும்பத்தான் பாக்கறேன். வீட்டுக்கு வந்தா, இங்கயும் ஒரு கதவு."

தட்டை எடுத்துக்கொண்டு போனார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

ஜூலை 2, புதன்

'யாருமே இல்ல' என்று அவர் சொன்னது என்னைக் கழித்துவிட்டுச் சொன்னதாக நினைத்தேன். என்னைத் தேடிச் சொன்னதாகவும் இருக்கலாமே? எட்டு மாதம் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் தனித்தனியாகத் தனியாக இருந்திருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது.

இன்றும் தனியாகத்தான் சாப்பிட்டேன். அவருக்கு மதிய ஷிஃப்ட்.

ஜூலை 5, சனி

மாலை அண்ணி வந்து, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலணியைக்கூடக் கழற்றவில்லை. "எடுக்கறதுன்னா எடு. பத்து நிமிஷம். அப்புறம் நான் குளிக்கணும்."

ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தேன். மூன்றாவது படி கிறீச்சிட்டது.

ஜன்னலில் மேகத்தை வடிகட்டிய வெளிச்சம். வெள்ளை அட்டை கூடத் தேவையில்லை. கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். அவர் உடனே அந்த முகத்தைப் போட்டுக்கொண்டார். புருவம் மேலே, உதடு ஒரு பக்கம். எட்டு மாதமாக நான் கேட்டுக் கேட்டு வாங்கிய அதே முகம். என் நாக்கில் அந்தச் சொல் வந்து நின்றது. சொல்லாவிட்டாலும் தப்பு, முடிதிருத்துபவர் கதைதான். ஏதாவது சொல்லியாக வேண்டும். என்ன?

"மூச்சப் புடிங்க அண்ணி."

திகைத்துவிட்டார். ஆனால் பழக்கம் யாரை விட்டது, உண்மையிலேயே பிடித்துக்கொண்டார். நெஞ்சு உயர்ந்து நின்றது.

"அசையாதீங்க."

அவர் அசையவில்லை. நான் பார்த்தேன். இத்தனை நேரம் இவரை நான் பார்த்ததே இல்லை.

"ம். விடுங்க."

விட்டார். தோள் இறங்கியது, புருவம் இறங்கியது, முகத்தில் வைத்திருந்ததெல்லாம் அந்த மூச்சோடு போய்விட்டது. அப்போது அழுத்தினேன். ஒரே ஒரு படம்.

திரையில் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "இவ்வளவு களைப்பாவா இருக்கேன்?" என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. ஆமாம் என்றேன். களைப்பு மட்டும் இல்லை. யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்ப்பவர்களின் கண் அது. எனக்கு நன்றாகத் தெரியும் அந்தக் கண்ணை. குளியலறைக் கண்ணாடியில் தினம் பார்க்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

படத்தைக் கொடுத்தேன். மேடம் ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தார்.

"யாரு இது?"

"என் அண்ணி."

"உன்ன மன்னிக்கல போலிருக்கே."

"இல்ல மேடம்."

"நல்லது" என்று உறையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஜூலை 12, சனி

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நான்காவது பெயர் என்னுடையது. ஒட்டகம் சோப்புப் பிரிவு. "சாரிக்கா, எனக்கு ரெண்டு சாரி கடன் குடுங்க, மேடம்கிட்டச் சொல்லிப் பாக்கறேன்" என்றான். நானே வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பஸ்ஸில் தனியாக வந்தேன். சந்தோஷத்தைச் சொல்ல ஒரு ஆளாவது வேண்டியிருக்கிறது. வீட்டில் அண்ணி இல்லை, ஷிஃப்ட். மேஜைமேல் பேனாவால் எழுதிய துண்டுச் சீட்டு: 'கிடைச்சுதா?'

அதன் கீழேயே 'ஆமாம்' என்று எழுதி வைத்தேன்.

ஜூலை 19, சனி

ராத்திரிச் சாப்பாட்டின் நடுவில் விடுதியிலிருந்து போன். இடம் காலியாகிவிட்டதாம், நாளையே வரலாமாம்.

"சாரிங்க, நான் வரல" என்றேன்.

மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீர் ஜாடியை என் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.